கப்பல் படம் போட்ட போத்தல்

எனக்கு மூக்குக் கொஞ்சம் கூர்மை. பிறப்பில் வந்ததல்ல, கலியாணத்தில் வந்தது. குடிக்கிற மனிதரோடு வருடக்கணக்காகக் குடும்பம் நடத்திய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நிற்பார். நான் அடுப்படியில் என்ன வேலையாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், "கோட்டைத் தாங்கோ, கொழுவி விடுறன்" என்பேன். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு அன்பான மனுசி. கோட்டை வாங்குகிற சாட்டில் கிட்டப் போய் அவருடைய மூச்சை மணந்து பார்ப்பேன். விஸ்கியா பிரண்டியா, கனக்கவா கொஞ்சமா, எல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். வீட்டில் சண்டையா சமாதானமா என்பது கோட்டைச் சுவரில் உள்ள கொழுக்கியில் கொழுவி முடிப்பதற்குள் முடிவாகிவிடும்.

வீடு லண்டனில், செவன் கிங்ஸில். கடை இல்ஃபோர்ட் பக்கம், ஓஃப் லைசன்ஸ் என்கிற சாராயக் கடை. சாராயம் விற்கிறவன் குடிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் என் பாதி வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும்.

ஒருநாள் கண் வெள்ளை மஞ்சளாகிப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்த்த டொக்டர் தமிழ்நாட்டுப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்கானைக் காட்டிச் சொன்னார்: "உங்க ஈரல் இதுக்கு மேல தாங்காது. இனிமே ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

"நல்லநாள் பெருநாளுக்கு ஒரு சின்னது எண்டாலும்?" என்று கேட்டார் இவர். வெட்கமே இல்லை.

"அந்தச் சின்னதுதான் உங்களைக் கொண்டு போயிடும்," என்றார் டொக்டர்.

அன்றோடு விட்டார். நான் நம்பவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சந்நிதியில் நின்று சத்தியம் பண்ணுங்கோ என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "இவருக்கு முன்னால எத்தினை தரம் சத்தியம் பண்ணியிருப்பன். பாவம் முருகன், அவரை இதுக்குள்ள இழுக்காதையும். விடுறன் எண்டால் விடுறன்," என்றார். அதைக் கேட்டபோது என் மனம் கொஞ்சம் நம்பியது. மூக்கு நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் கோட் வாங்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கடையை உதவிக்கு நிற்பவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படி ஒரு ஞாயிறு, காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு தோட்டத்திலிருந்து உள்ளே வருகிறேன். மனுசன் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். கையில் கிளாஸ். கிளாஸுக்குள் மண்ணிறம், மேலே நுரை, ஐஸ் வேறு. பக்கத்தில் ஒரு தட்டில் வறுத்த கச்சான் கடலை. உடுப்பை நிலத்தில் போட்டுவிட்டு கிளாஸைப் பறித்து மணந்தேன்.

மூட்டுநோவுக்குப் பூசுகிற பாம் மணந்தது.

"இதென்ன, பூசுற மருந்தை எடுத்துக் குடிக்கிறியளோ?"

"ரூட் பியர். பேர்தான் அப்பிடி, சாராயம் ஒரு சொட்டும் இல்லை. வேர், சீனி, காஸ், அவ்வளவுதான். அமெரிக்காக்காரர் குடிக்கிறது," என்றார். விற்றுப் பார்ப்போம் என்று ஒரு பெட்டி வாங்கிக் கடையில் வைத்தாராம். முதல் வாங்கிய வெள்ளைக்காரக் கிழவர் வாசலிலேயே திறந்து குடித்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் விழுந்தெழும்பினால் முழங்காலுக்குப் பூசிவிடுகிற களிம்பு மணக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். பிறகு ஒருவரும் தொடவில்லை. போத்தலில் பாய்மரக் கப்பல் ஒன்றின் படம் போட்டிருந்தது.

நானும் ஒரு வாய் குடித்தேன். குடித்த வேகத்தில் சிங்குக்குள் துப்பினேன்.

"பத்துக்கு எத்தினை குடுப்பீர்?" என்று கேட்டார்.

"ஒண்டு. அதுவும் கப்பல் வடிவாக் கிடக்கு எண்டபடியால்."

சிரித்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அன்றுவரை அவர் சிரித்ததை நான் காணவில்லை. கடையில் விலை எழுதுகிற மார்க்கரைப் பொக்கற்றிலிருந்து எடுத்து, போத்தல் மூடியில் ஒன்று என்று எழுதினார். அந்த மூடியை எறிய மனம் வராமல் பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றுக்குள் போட்டு வைத்தேன்.

பிறகு கச்சானைக் கொறித்துக்கொண்டே சொன்னார்: "கடையில சுத்திவரப் போத்தல்தான். எனக்கு அது ஒண்டும் செய்யாது, அது சாமான். அரிசி மூட்டை அடுக்கிற மாதிரி அடுக்குவன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கையில ஒரு கிளாஸ் இல்லாமல் என்ன செய்யிறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

எனக்கு அந்த மனுசன் மேல் அவ்வளவு இரக்கம் வந்தது. சரி, கையில் ஒரு கிளாஸ் இருக்கட்டும், அதற்குள் நல்லதாக ஒன்றைத் தேடி ஊற்றுவோம் என்று நினைத்தேன்.

தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, ரூட் பியரில் இத்தனை சாதி இருக்கிறது என்று. பெரிய கொம்பனிகள் தகரத்தில் அடைப்பது ஒரு பக்கம் கிடக்க, சின்னச் சின்ன ஆட்கள் வேர் அவித்து, பட்டை போட்டு, கை வேலையாகச் செய்வது இன்னொரு பக்கம். கிழக்கு லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே உள்ள வளைவு ஒன்றில், தாடி வைத்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் அண்டாவில் காய்ச்சுகிறான். இவர் அங்கே போய் அவனோடு மணித்தியாலக்கணக்காகக் கதைத்துவிட்டு நாலு போத்தலோடு வந்தார். அமெரிக்க இனிப்புக் கடையில் சில வாங்கினார். ஸ்கொட்லாந்திலிருந்து ஒன்று தபாலில் வந்தது.

எல்லாவற்றிலும் சீனி. "ஈரலைக் காப்பாத்திப்போட்டுச் சலரோகத்தை வாங்கப் போறியள்" என்று நான் எரிந்து விழுந்தேன். அதனால் ஞாயிறு பின்னேரத்துக்கு ஒரு போத்தல், இரண்டு சின்னக் கிளாஸ், பாதி அவருக்குப் பாதி எனக்கு என்று ஒழுங்கு வந்தது. முதலில் மணந்து பார்க்க வேண்டும். பிறகு நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாய். விழுங்கிய பின் தொண்டையில் என்ன மிச்சம் நிற்கிறது என்று பேசாமல் இருந்து கவனிக்க வேண்டும். எல்லாம் அவர் போட்ட சட்டம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லித்தந்தார்.

ஆனால் மணம் என்று வந்தால் நான்தான் முன்னுக்கு நின்றேன். கரடி படம் போட்ட போத்தலைத் திறந்த உடனே, "அதிமதுரம் கூடிப்போச்சு. இருமல் மருந்து" என்றேன். அவர் ஐந்து போட்டார், நான் மூன்று. அதற்கே அரை மணித்தியாலம் சண்டை. தொப்பிக்காரன் படம் போட்டது வெறும் வனிலா, பிறந்தநாள் கேக்கைத் தண்ணியில் கரைத்தது மாதிரி. ஸ்கொட்லாந்துக்காரனுடையதில் கராம்பு. மரக்குற்றி படம் போட்ட ஒன்றில் நன்னாரி வேர் மணம் அப்படியே இருந்தது. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல ஆறு போட்டோம். தாடிக்காரப் பொடியனுடையதில் பனங்கட்டி மாதிரி ஒரு கருக்கிய இனிப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. இவர் ஒன்பது கொடுத்தார். நான் அதற்கும் ஆறுதான்.

"ஆறுக்கு மேல உமக்கு எண்ணத் தெரியாதோ? வாத்தியார் வீட்டுப் பிள்ளை எண்டதைக் காட்டுறீர்," என்றார்.

"நல்லதொண்டு வந்தால் குடுப்பம்தானே."

"எண்டாலும் உம்மட மூக்குக்கு ஒரு பட்டம் குடுக்கலாம். எங்க படிச்சனீர்?"

"உங்களிட்டத்தான்," என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிளாஸைக் கையில் சுழற்றினார். பிறகு, "இப்பவும் கோட் வாங்க வாறனீர். எனக்குத் தெரியும்," என்றார். "நான் குறையாச் சொல்லேல்லை. உமக்கு எப்ப ஏலுமோ அப்ப விடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், அதற்கு நான் குறைவில்லை. அவர் பாவமாகச் சொன்னார். அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த நாளும் கோட் வாங்கப் போனேன். விட ஏலவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் தெருவில் எங்கள் மானம் போய்க்கொண்டிருந்தது. குப்பை எடுக்கிற கவுன்சில் லொறி வருகிற நாளில் எங்கள் வாசலில் வைக்கும் பெட்டியில் வாரம் தவறாமல் மண்ணிறப் போத்தல். நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் பிட்டும் சம்பலும் கொண்டுவந்து கையில் தந்து, "எல்லாம் விதி, பிள்ளை. மனசைத் தளர விடாதையும்," என்று முதுகைத் தடவினார். பனைமரத்துக்குக் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்லுவார்கள். விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காவின் கண்ணில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. பிட்டு நன்றாக இருந்ததால் பிறகு நான் மறுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் அந்தக் கலியாண அழைப்புக் காட் வந்தது.

என் கணவருக்கு இந்த ஊரில் ஒரு அண்ணை இருக்கிறார். கூடப்பிறந்தவர் அல்ல, கூடக் கிடந்தவர். நாட்டைவிட்டு வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். ஒருவர் இரவு ஷிப்டுக்குப் போக மற்றவர் வந்து படுப்பார். அந்த அண்ணையின் மகளுக்கு ஹவுன்ஸ்லோப் பக்கம் ஒரு மண்டபத்தில் கலியாணம்.

எங்கள் ஆட்களின் கலியாணங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மண்டபத்துக்குள் ஐயர், ஓமம், மரக்கறிச் சாப்பாடு. வெளியே கார்ப் பார்க்கில் ஆம்பிளைகள் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, விஸ்கியும் காகிதக் கப்புமாக நிற்பார்கள். தாலி கட்டி, அறுகரிசி போட்டு வாழ்த்திய கையோடு உள்ளே கதிரைகள் காலியாகத் தொடங்கும். எல்லாப் பெண்களுக்கும் தெரியும், ஒருத்திக்கும் தெரியாது. பெண்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. டிக்கிகளுக்கெல்லாம் ராசா இந்த அண்ணைதான். "எனக்காக ஒண்டு, தம்பி" என்று சொல்லி அவர் நீட்டினால் மாட்டேன் என்று சொன்ன மனிதரை நான் கேள்விப்படவில்லை. எதிரி ஊற்றித் தந்தால் தட்டிவிடலாம். பாசத்தோடு நீட்டுகிற கப்பை என்ன செய்வது? அதுவும் பெண்ணின் தகப்பன் கையால். டொக்டர் சொன்ன அந்தச் சின்னது அந்த டிக்கியில்தான் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"போகவேண்டாம்," என்றேன்.

"அவற்ற மகளின்ர கலியாணத்துக்குப் போகாட்டில் நான் ஆர்?"

"அப்ப அண்ணையிட்ட முதலே சொல்லி வையுங்கோ."

"ஆம்பிளையள் உதெல்லாம் கதைக்கிறேல்லையப்பா."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தாடிக்காரப் பொடியனுடைய போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி எங்கள் டிக்கியில் கொண்டுபோவது. கையில் சொந்தமாக ஒரு கப் இருந்தால் ஒருவரும் இன்னொன்றைத் திணிக்க மாட்டார்கள். ஒன்பது மார்க்ஸ் வாங்கியது, மரியாதையாகவும் இருக்கும். ஐஸை நானே உடைத்துப் போட்டேன்.

அன்று நல்ல வெயில். கோட்டைப் பின் சீற்றில் போட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு இறங்கினார். வேட்டிக்குப் பொக்கற் ஏது? கார்ச் சாவியை என் கையில் தந்தார், நான் கைப்பையில் போட்டேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

தாலி கட்டு முடிந்தது, சாப்பாடு முடிந்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். "உம்மட அவரையும் காணேல்லை, பிள்ளை. கார்ப் பார்க்கிலயாக்கும்," என்றார். குரலில் அந்தப் பழைய இரக்கம். எனக்கு முகம் வியர்த்தது. துடைக்க ரிஷூ எடுக்கலாம் என்று கைப்பைக்குள் கையை விட்டேன். சாவி தட்டுப்பட்டது.

ஐஸ் பெட்டி எங்கள் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கிறது. மனுசன் அங்கே வெறுங்கையோடு நிற்கிறார்.

எழும்பினேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. காஞ்சிபுரத்துக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் பின்கதவால் கார்ப் பார்க்குக்கு நடந்தேன். கண்காணிக்கப் போகவில்லை, சாவி கொடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோட் வாங்கப் போவதும் இப்படி ஒரு சாட்டோடுதானே. ஐயோ முருகா, பிந்திப் போகக்கூடாது என்று மட்டும் நெஞ்சு அடித்தது.

கடைசி வரிசையில் டிக்கிகள் திறந்து கிடந்தன. அண்ணையின் டிக்கியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் என் கணவர், அவர் தோளில் அண்ணையின் கை. சேலையைக் கண்டதும் பேச்சு நின்றது. தலை நரைத்த மனிதர்கள் எல்லாரும் ஒருவர் மிச்சமில்லாமல் கப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். வாத்தியாரைக் கண்ட பொடியள் மாதிரி. அண்ணையின் கையும் தோளை விட்டுப் பின்னால் போனது. முந்தி இப்படி எத்தனையோ பிறந்தநாள் வீடுகளில், யன்னலால் நான் எட்டிப் பார்க்கிறபோது, முதலில் பின்னால் போவது என் கணவரின் கையாகத்தான் இருக்கும்.

அன்று அவருடைய கை மட்டும் போகவில்லை. கப் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றது. உள்ளே மண்ணிறமாக ஏதோ கிடந்தது.

என்னைப் பார்த்தார். பிறகு கப்பை என்னிடம் நீட்டினார். "குடிச்சுப் பாரும்," என்றார்.

வாங்கினேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டப்படி முதலில் மணக்க வேண்டும். என் வாழ்நாள் பழக்கமும் அதுதான். மணக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே மடக்கில் குடித்தேன்.

மூட்டுநோ பாம். கருகின சீனி. சூடு வேறு. கப்பல் படம் போட்ட போத்தல்.

விழுங்கினேன். துப்ப அங்கே சிங்க் இல்லை.

அண்ணை கையை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார். "எப்பிடித் தங்கச்சி, நல்லதோ?" என்று கேட்டார். "போன மாசம் கடைக்குப் போனனான். தம்பி ஈரல் கதை முழுக்கச் சொன்னவன். அண்ணை, நீங்கள் நீட்டினால் எனக்கு மறுக்க ஏலாது, அதால நீங்கள் நீட்டாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டான். எனக்குப் பிறகு நித்திரையே வரேல்லை. அவன் வெறுங்கையோட நிக்கக்கூடாதெண்டு, கடையில கண்ட கப்பல் போத்தலை வேற இடமெல்லாம் தேடி வாங்கினனான். உதுதானே அவன் குடிக்கிறது?"

டிக்கிக்குள் பார்த்தேன். விஸ்கிப் போத்தல்களைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, ஒரு முழுப் பெட்டி கப்பல். ஆம்பிளையள் உதெல்லாம் கதைக்கிறேல்லை என்று எனக்குச் சொன்ன மனுசன், கதைத்திருக்கிறார். அண்ணைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்த பார்வையில், உண்மையைச் சொல்லிப்போடாதையும் என்ற கெஞ்சல் இருந்தது.

"நல்லது, அண்ணை," என்றேன். "பத்துக்குப் பத்து."

என் கணவர் மற்றப் பக்கம் திரும்பி இருமினார். அண்ணைக்கு முகமெல்லாம் சந்தோசம். "பாத்தியே, நல்ல சாமான்தான்," என்று இன்னொரு போத்தலைத் திறந்து இவருக்கு ஊற்றினார். எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். பெண்பிள்ளை ஒருத்தி டிக்கிக்குப் பக்கத்தில் நின்று கப் பிடித்தது அன்றுதான் முதல்தரமாக இருக்கும். சாவியை நான் வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது நோர்த் சேர்குலர் ரோட்டில் நெரிசல். சாவி என் பையில் இருந்தபடியால் நான்தான் ஓட்டினேன். "எத்தினை குடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் சிரித்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல்முறை.

"மூண்டு போத்தல். இனி எனக்கு மூட்டுநோ வராது," என்றார்.

வீட்டுக்கு வரப் பொழுது பட்டுவிட்டது. குளிரத் தொடங்கியதால் வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டிருந்தார். நான் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனேன். அவர் வாசல் கால்மிதியில் நின்றார். எப்போதும் போல, நான் கிட்ட வருகிற வரைக்கும், பொத்தானைக் கழற்றிவிட்டு நின்றார்.

நான் நேரே அடுப்படிக்குப் போய்க் கேத்திலைப் போட்டேன்.

"கோட்டை நீங்களே கொழுவுங்கோ," என்று அங்கிருந்து சொன்னேன். "நான் தேத்தண்ணி வைக்கிறன்."

கேத்தில் கொதித்து நின்றது. பிறகு, கொழுக்கி எங்கே இருக்கிறது என்று அவர் சுவரில் தடவித் தேடுகிற சத்தம் கேட்டது.